நீல நிறத்தால் உயிரை அளந்தவர்
டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

புகழைத் தேடி ஓடுவோர் பலர் வாழும் இவ்வுலகில், தேடி வந்த புகழையும் பிறர் கையில் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அரசின் திட்டப்படி வாரம் ஒரு நாள் பள்ளிகளில் மாணவியர் விழுங்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது. யானைக்கால் நோயைத் தடுக்க வழங்கப்படும் மாத்திரையும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. உயிரியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்தும் அவர் கைப்பட்டதே.

இவை அனைத்தையும் விட நாம் குறைவாக அறிந்த ஓர் இடத்திலும் அவர் தடம் பதிந்திருக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சுவர் ஒன்று உண்டு. வெளியிலிருந்து செய்தி வரும்போது அச்சுவரின் கல்லொன்று வெட்டப்படுகிறது; வெட்டிய துண்டே செய்தியாகி உள்ளே ஓடுகிறது. இந்த விந்தையை உலகம் அறிவதற்குத் தேவைப்பட்ட அளவுகோலைச் செய்து கொடுத்தவர்களுள் ஒருவர் சுப்பாராவ். அவருடைய வாழ்வையும் அந்த விந்தையையும் சேர்த்தே இக்கட்டுரையில் காண்போம்.

மூன்றாம் முயற்சியில் தேறியவர்

கோதாவரி ஆற்றின் கழிமுகத்திலுள்ள பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். அவ்வூர் அன்று, நம் இராமநாதபுரத்தைப் போலவே, சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் வறுமையில் வாடியது. பிள்ளைப் பருவத்தில் அவருக்குப் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று உறவுக்காரப் பையன் ஒருவனுடன் வீட்டை விட்டே கிளம்பிவிட்டார். வழியில் பிடித்து வரப்பட்டார். தாயார் அவரை விடவில்லை. கணவரை இழந்த பின்பும், தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் இருமுறை தோற்றார். சென்னைத் திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறைதான் தேறினார். மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் கண் கலங்கும் நம் தோழியர் இதை நினைவில் கொள்வார்களாக.

பிறகு மாநிலக் கல்லூரியிலும், அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். துறவு வாழ்வில் அவருக்கு நாட்டம் இருந்தது. மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டு செய்வதே மேல் என்று இராமகிருஷ்ண மடத்துத் துறவியர் அவரை வழிப்படுத்தினர். அக்காலத்தில் அவருடைய குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உடன்பிறந்தார் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் ஆளை உருக்கிக் கொல்லும் ஸ்புரு என்ற குடல்நோய்க்கு ஒருவர் இரையானதைச் சுப்பாராவ் அருகிருந்து பார்த்தார். மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தும் கையில் மருந்து இல்லை. இந்த இயலாமை அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று.

காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று அவர் கதர் அணிந்தார். அறுவை மருத்துவ வகுப்பிலும் கதராடையே உடுத்தியது ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் குறைவான எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியிலும் இடமில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அதற்கு முன்பே 1919-இல் சேஷகிரி என்ற அம்மையாரை மணந்திருந்தார்.

கடல் கடந்து ஆய்வு செய்ய வேண்டும் என்ற வேட்கை அவரை விடவில்லை. மாமனாரும் காக்கிநாடாவின் அறநிலையம் ஒன்றும் பொருளுதவி செய்ய, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சென்றார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக எண்ணியே மனைவியிடம் விடைபெற்றார். ஆனால் அவர் திரும்பவேயில்லை.

நீல நிறம்

பாஸ்டனில் சுப்பாராவ் பகலில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மாணவர். இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் பணியாள். எந்த வேலையையும் இழிவென்று அவர் எண்ணவில்லை. பின்னர் சைரஸ் ஃபிஸ்கே என்ற உயிர்வேதியியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது.

அங்கே அவர் முன் இருந்த கேள்வி எளிதாகத் தோன்றும்: ஒரு துளி இரத்தத்திலோ ஒரு சிறு தசைத் துணுக்கிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது? எலும்பிலும் இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் உண்டு. ஆனால் அதன் மிகச் சிறு அளவைத் துல்லியமாக அளப்பது அன்று கடினம். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925-இல் ஒரு முறையை வெளியிட்டனர். அமிலம் கலந்த கரைசலில் அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்தால் அது பாஸ்பேட்டுடன் இணையும். அதனுடன் தக்கதொரு ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் அழகிய நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். நிறத்தின் ஆழத்தை ஒளியால் அளந்து பாஸ்பரஸின் அளவைச் சொல்லிவிடலாம். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இது பரவியது.

இம்முறையைத் தசைச் சாற்றில் செய்தபோது நீலம் உடனே தோன்றவில்லை. மெல்ல மெல்லத்தான் ஏறியது. மருந்து பழுது என்று கருதிக் கொட்டிவிட்டு வேறு கலக்கியிருக்கலாம். அவ்விருவரும் அப்படிச் செய்யவில்லை. தாமதத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று துருவினர். தசையில் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் அமிலத்தில் சிறிது சிறிதாக உடைந்து அதை விடுவிப்பதே காரணம் என்று கண்டனர். அதுவே பாஸ்போகிரியேட்டின். அதை 1927-இல் அறிவித்தனர். அதே வேளையில் இங்கிலாந்தில் பிலிப் எக்ல்டன், கிரேஸ் எக்ல்டன் என்ற கணவனும் மனைவியும் இப்பொருளின் அடையாளத்தைத் தனியே கண்டிருந்தனர். 1929-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு அதைக் கண்டறிந்தார். நம் செல்கள் செய்யும் வேலைகளுக்கெல்லாம் கைமாறும் நாணயம் ஏ.டி.பி. என்பது இன்று பள்ளிச் சிறுமியும் அறிந்த செய்தி.

சுவரும் கத்திகளும்

இனி அந்த நீல நிறம் செல்லின் சுவருக்குள் எப்படிப் புகுந்தது என்று பார்ப்போம்.

செல் சவ்வின் தடிமன் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்கிட்டால் அதில் ஏறக்குறைய 5 பங்குதான் வரும். இச்சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புப் பொருளால் ஆனது. முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் இவ்வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு பாஸ்போலிப்பிடுக்கும் ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலையில் பாஸ்பேட் இருப்பதால் அது நீரை விரும்பும். கொழுப்பு அமிலங்களான வால்கள் நீரை வெறுக்கும். ஆகவே இவை வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இருபுறமும் நீட்டி, இரண்டு வரிசையாக அடுக்கி நிற்கின்றன.

தலையில் பாஸ்பேட் இருக்கிறதல்லவா? அமிலத்தில் சூடேற்றிக் கொழுப்பை எரித்துவிட்டால் பாஸ்பேட் மிஞ்சும். அதன்பின் சுப்பாராவின் நீலமே கணக்குச் சொல்லும். பார்ட்லெட் என்ற அறிஞர் 1959-இல் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையைச் சற்றே மாற்றிக் கொழுப்புகளுக்கு ஏற்றதாக்கினார். சவ்வில் பாஸ்போலிப்பிடு எவ்வளவு, அதில் எவ்வளவு உடைந்தது என்பதை உலகின் எண்ணற்ற ஆய்வாளர்கள் இவ்வழியில் கணக்கிட்டனர்.

உடைப்பது யார்? பாஸ்போலிப்பேஸ் என்னும் நொதிகள். இராமேசுவரம் கடற்கரையில் மீன் அறுக்கும் பெண்களைப் பார்த்திருப்போம். செவுளை அறுக்க ஓரிடம், துடுப்பை அறுக்க ஓரிடம், தலையை எடுக்க ஓரிடம் என்று அவர்கள் கத்தி இடமறிந்தே இறங்கும். இந்நொதிகளும் அவ்வாறே. ஏ1 வகை முதல் வாலை வெட்டும். ஏ2 வகை இரண்டாம் வாலை வெட்டும். சி வகை பாஸ்பேட்டுக்கு முன்னே வெட்டித் தலையை முழுதாக எடுக்கும். டி வகை பாஸ்பேட்டுக்கு அப்பால் வெட்டி, தலையின் நுனியை மட்டும் நீக்கும். வெட்டும் இடம் மாறினால் கிடைக்கும் துண்டும், அது சொல்லும் செய்தியும் மாறும்.

சி வகையின் கதையைக் கேட்போம். 1953-இல் மேபல் ஹோக்கின் என்ற பெண் அறிஞரும் அவர் கணவர் லோவல் ஹோக்கினும் புறாவின் கணையத் துண்டுகளைக் கதிரியக்கப் பாஸ்பரஸில் வைத்து, நரம்பின் தூதுப்பொருளான அசிட்டைல்கோலினைச் சேர்த்தனர். செரிமான நொதிகள் சுரந்தன. கூடவே பாஸ்போலிப்பிடுகளுக்குள் கதிரியக்கப் பாஸ்பரஸ் மும்முரமாகப் புகுந்தது. செய்தி வந்ததும் சவ்வின் கற்கள் உடைந்து மீண்டும் கட்டப்படுகின்றன என்பதன் முதல் தடயம் இதுவே. பொருள் முழுதும் விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின.

இன்று நாம் அறிவது இது. சவ்வின் உட்புறத்தில் இனோசிடால் என்ற தலை கொண்ட பாஸ்போலிப்பிடு சிறிதளவு உண்டு. செல் இரண்டு ஏ.டி.பி.களைச் செலவிட்டு அத்தலையில் மேலும் இரண்டு பாஸ்பேட்டுகளை ஒட்டி அதைத் தயாராக வைத்திருக்கிறது. வெளியே ஹார்மோனோ நரம்புச் செய்தியோ வந்து சவ்விலுள்ள ஏற்பியைத் தொட்டதும், பாஸ்போலிப்பேஸ் சி விழித்து அதை இரண்டாக வெட்டுகிறது. தலைத்துண்டு நீரில் கரைந்து உள்ளே ஓடி, செல்லின் கால்சியம் கிடங்கின் கதவைத் திறக்கிறது. இதை 1983-இல் மைக்கேல் பெரிட்ஜும் அவரைச் சார்ந்த ஆய்வாளர்களும் நிறுவினர். வால்துண்டு சவ்விலேயே தங்கி, புரத கைனேஸ் சி என்ற மற்றொரு நொதியைத் தட்டி எழுப்புகிறது. இதைக் காட்டியவர் ஜப்பானின் யசுதோமி நிஷிசூகா. ஒரே வெட்டில் இரண்டு தூதர்கள்!

நம் மன்னார் வளைகுடாவின் பாறைகளில் வாழும் கடல் முள்ளெலியின் முட்டையில் இதைக் கண்கூடாகக் காணலாம். விந்தணு ஒன்று முட்டையைச் சேர்ந்ததும் இதே வெட்டு நிகழ, கால்சியம் அலைபோல் முட்டை முழுதும் பரவுகிறது. உடனே முட்டையைச் சுற்றி உறையொன்று எழும்பி, இன்னொரு விந்தணு நுழையாமல் காக்கிறது. புதிய உயிரின் முதல் கட்டளையே சவ்வின் ஒரு கல் வெட்டுப்படுவதில்தான் பிறக்கிறது.

ஏ2 வகையோ சவ்விலிருந்து அரக்கிடானிக் அமிலம் என்ற வாலை வெட்டித் தருகிறது. அதிலிருந்தே வீக்கத்தையும் வலியையும் காய்ச்சலையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. ஆஸ்பிரின் இந்த உருவாக்கத்தைத் தடுத்து வலியைத் தணிக்கிறது. காயம் ஆறுவதற்கும் இவ்வீக்கம் வேண்டும். அளவு மீறினால் அதுவே நோய்.

அளவறிந்து வெட்டினால் செய்தி. அளவின்றி வெட்டினால் அழிவு. இதற்கும் நம் கடலே சான்று. மீனவர் வலைகடியன் என்று அழைக்கும் கடற்பாம்பின் நஞ்சில் ஏ2 வகை நொதி உண்டு. அது தசைச் செல்களின் சவ்வைச் சிதைக்கிறது, தசை உடைந்து சிறுநீர் கருக்கிறது, சிறுநீரகமும் பழுதாகலாம். கடித்த இடத்தில் வலி அதிகம் தெரியாததால் சிலர் அலட்சியமாக இருந்துவிடுவர். நாட்டில் பொதுவாக வழங்கும் பாம்புக்கடி மருந்து நிலத்துப் பாம்புகளுக்கென்றே செய்யப்பட்டது. எனவே வலை பிரிக்கும்போது பாம்பு கடித்தால் கட்டுப் போட்டுக்கொண்டும் மந்திரித்துக்கொண்டும் காலம் கழிக்காமல், உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதை நம் இல்லங்களில் சொல்லி வைப்போம்.

மருந்துகளின் தந்தை

ஹார்வர்டில் 1930-இல் டாக்டர் பட்டம் பெற்றும், சுப்பாராவுக்கு அங்கே நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1940-இல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரிலுள்ள லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆய்வுப் பிரிவின் தலைமையும் அவரைத் தேடி வந்தது.

பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், ஈஸ்ட்டிலுள்ள ஏதோ ஒரு சத்து அதைத் தீர்க்கிறது என்று 1931-இல் அறிவித்திருந்தார். அச்சத்தே ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் 1945-இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினர். அவர் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரு நோய்க்கும் அது மருந்தாயிற்று. அந்த ஃபோலிக் அமிலமே நம் நீல மாத்திரையில் இரும்புடன் சேர்ந்திருக்கிறது.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து செல்லை ஏமாற்றும் பொருள்களையும் அக்குழுவினர் செய்தனர். அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைக் கொண்டு பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த குழந்தைகளுக்குச் சிறிது காலமேனும் நோய் தணியச் செய்தார். அவருடைய கட்டுரை 1948-இல் வெளிவந்தது. புற்றுநோய்க்கு மருந்தே இல்லை என்ற இருளில் விழுந்த முதல் கீற்றுகளுள் அதுவும் ஒன்று. அதன் உடன்பிறப்பான மீதோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

1947-இல் யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கு எதிரான ஹெட்ராசான் என்னும் டை எதில் கார்பமாசின் வந்தது. நம் நாட்டில் 2004 முதல் தேசியத் திட்டமாக, நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மக்களுக்கு வழங்கப்பட்ட மாத்திரை இதுவே. இம்மருந்து அரக்கிடானிக் அமிலம் செல்லும் வழியில் குறுக்கிடுவதால்தான் புழுக்கள் நம் உடலின் காவலுக்கு எளிதில் இரையாகின்றன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சவ்வை வெட்டிக் கிடைக்கும் அதே வால்துண்டு! தாம் அளந்த பாஸ்பரஸும், தாம் பிரித்த ஏ.டி.பி.யும், தாம் ஆக்கிய மருந்தும் ஒருநாள் ஒரே சவ்வில் வந்து கூடும் என்பதை அறிய அவர் உயிரோடு இல்லை.

1948 ஆகஸ்டில், தம் 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். இறுதி வரை இந்தியக் குடிமகனாகவே இருந்தார். தம் குழுவின் கண்டுபிடிப்புகளை அறிவிக்கும்போது உடனுழைத்தோரை முன்னிறுத்திவிட்டுத் தாம் பின்னே நிற்பது அவர் வழக்கம். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

விட்டு வந்தவர்

அவரைப் போற்றும் நாம் இன்னொருவரையும் மறக்கலாகாது. சேஷகிரி அம்மையார் கணவரை வழியனுப்பிய பின் அவரை மீண்டும் காணவில்லை. கணவர் கடல் கடந்த பிறகு பிறந்த மகன் சில மாதங்களிலேயே நோயுற்று இறந்தான். தந்தை அவன் முகத்தைக் கண்டதேயில்லை. இலட்சக்கணக்கான குழந்தைகளைக் காத்த மருந்துகளுக்குப் பின்னே, காக்க முடியாமற்போன இக்குழந்தையும், கடிதங்களோடு காலம் கழித்த இந்தப் பெண்ணும் இருக்கிறார்கள். கணவன் கடலுக்குப் போன பின் கரையில் நின்று காத்திருப்பது என்னவென்று நம் ஊர்த் தாய்மாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பெரியோர் வாழ்வை எழுதும்போது அவருக்காக விலை கொடுத்தவரின் பெயரையும் சேர்த்து எழுதுவதே முறை.

சுப்பாராவின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? பெரிய உண்மைகள் பெரிய சொற்களில் வருவதில்லை. ஒரு சோதனைக் குழாயில் நீலம் சற்றுத் தாமதமாக ஏறியது. அதைப் பிழையென்று ஒதுக்காமல் ஏன் என்று கேட்டார். உயிரின் கதவொன்று திறந்தது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நம் கரைசலின் நிறம் புத்தகத்தில் சொன்னபடி வராதபோது, பக்கத்துத் தோழியின் விடையைப் பார்த்து எழுதிக்கொள்ள மனம் தூண்டும். அப்போது நாம் கண்டதையே எழுதுவோம். ஏன் என்று ஆசிரியையிடம் கேட்போம். கண்ணாரக் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் அளந்து எழுதும் நேர்மையே அறிவியலின் முதற்படி. அப்படியில் உறுதியாகக் கால் வைத்து ஏறும் பெண்கள் நம் கடற்கரையிலிருந்தும் பலர் எழுவார்களாக!